கொடைக்கானல் போனால் டென்ஷன் தீருமா?

"ரெண்டு நாள் கொடைக்கானல் போயிட்டு வாங்க சார், எல்லாம் சரியாயிடும்!"

டென்ஷன் என்று யார் முணுமுணுத்தாலும் பக்கத்தில் இருப்பவர் சொல்கிற முதல் யோசனை இதுதான். மதுரைக்காரர் ஆனாலும் சரி, திருச்சிக்காரர் ஆனாலும் சரி, சொல்லி வைத்தாற்போல இதையே சொல்வார்கள். போகிறவர்களும் போகிறார்கள். போய்விட்டு வந்தவர்களில் சிலர் நேரே வைத்தியரிடம் வந்து நிற்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை!

அப்படி ஒரு குடும்பம் வந்தது. கணவருக்கு ஐம்பது வயது இருக்கும். கணக்கு வேலை. மார்ச் மாதம் முழுக்க ராத்திரி ஒன்பது மணிக்கு முன்னால் வீடு திரும்பாதவர். பேச்சை ஆரம்பித்தது மனைவிதான்.

"இவருக்கு ரெஸ்ட் வேணும்னுதான் ஐயா கூட்டிட்டுப் போனேன். போன இடத்துல இன்னும் அதிகமாயிருச்சு. நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னு ராத்திரி பூரா உக்காந்தே இருந்தாரு."

என்ன செய்தீர்கள் என்று விசாரித்தேன். விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பியிருக்கிறார்கள். வழியில் பரோட்டா, காபி. மலைப்பாதையில் பையனுக்கு வாந்தி. வெள்ளி நீர்வீழ்ச்சி பக்கத்தில் வண்டிகள் நகராமல் ஒன்றரை மணி நேரம். மேலே போய்ச் சேர்ந்ததும் டிரைவர் ஒரே நாளில் பன்னிரண்டு 'பாயிண்ட்' காட்டுகிறேன் என்று ஓட்டியிருக்கிறார். தூண் பாறையில் நிற்கும்போது ஆபீஸில் இருந்து போன். பசுமைப் பள்ளத்தாக்கில் நிற்கும்போது மறுபடியும் போன். பி.பி. மாத்திரையை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு வந்தது சாயங்காலம்தான் தெரிந்திருக்கிறது. மலைமேல் எடுத்த ஈ.சி.ஜி. நல்லபடியாக இருந்தது. பி.பி. மட்டும் 160-க்கு 100!

இவர் கொடைக்கானலுக்குப் போகவே இல்லை. ஆபீஸைத் தூக்கிக்கொண்டு மலை ஏறியிருக்கிறார், அவ்வளவுதான்.

அலுத்த உடம்பைத் தேற்றுவதற்காகவே பிறந்த ஊர் கொடைக்கானல். இது பலருக்குத் தெரியாது. மதுரையில் தங்கியிருந்த அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலிலும் காலராவிலும் வீட்டு மனிதர்களைப் பறிகொடுத்துத் துவண்டு போனார்கள். இந்த வெயிலில் இனி முடியாது என்று பழனி மலைத்தொடரின் மேலே இடம் தேடி, 1845-ல் இரண்டு பங்களாக்கள் கட்டிக் குடியேறினார்கள். அதுதான் ஆரம்பம். மதுரை கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் ஓடையைத் தடுத்து ஏரியை உண்டாக்கினார். கோக்கர்ஸ் வாக் 1872-ல் போட்ட பாதை. மோட்டார் சாலை வருவதற்கு முன்னால் குதிரையிலும், ஆட்கள் தூக்கிய நாற்காலியிலும்தான் மேலே போகவேண்டும். போனவர்கள் இரண்டு நாளில் திரும்பிவிடவில்லை. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்கினார்கள். உடம்பு தேறியதற்குக் குளிர்ந்த காற்றும், கொசு இல்லாத இடமும் ஒரு காரணம் என்றால், அந்த நீண்ட ஓய்வும் ஒரு காரணம். நாம் காற்றை மட்டும் வாங்கிக்கொண்டு ஓய்வை விட்டுவிட்டோம்.

சரி, டென்ஷன் என்றால் என்ன? மனசில் இருக்கிற ஒரு விஷயம் நெஞ்சை ஏன் படபடக்க வைக்கிறது? வயிற்றை ஏன் எரிய வைக்கிறது? இதைப் புரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும்.

காட்டெருமை எதிரே வந்தால்...

கொடைக்கானல்வாசிகளுக்கு இது பழகிப்போன காட்சி. இருட்டும் நேரம் வீட்டுக்குத் திரும்புகிறீர்கள். தெருத் திருப்பத்தில் கன்னங்கரேல் என்று ஒரு காட்டெருமை. ஏழெட்டு நூறு கிலோ எடை. தலையைத் தூக்கி உங்களைப் பார்க்கிறது.

அந்த ஒரு விநாடியில் உங்கள் உடம்பில் என்னென்ன நடக்கிறது தெரியுமா? மூளை ஆபத்து மணி அடிக்கிறது. சிறுநீரகங்களின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் கொட்டுகின்றன. இதயம் வேகம் பிடிக்கிறது. மூச்சு மேல்மூச்சாகிறது. கல்லீரல் தன் சேமிப்பில் இருந்து சர்க்கரையை எடுத்து ரத்தத்தில் விடுகிறது. கால் தசைகளுக்கு ரத்தம் பாய்கிறது. வயிற்றுக்கும் தோலுக்கும் போகிற ரத்தம் குறைகிறது. அதனால்தான் உள்ளங்கை சில்லிடுகிறது, வாய் உலர்கிறது, வயிற்றில் என்னவோ புரள்கிறது. ஓடு, அல்லது எதிர்த்து நில் என்பதற்கான ஏற்பாடு இது. அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-ல் எழுதிய புத்தகத்தில் இதை விரிவாக விளக்கினார்.

சில நிமிஷங்களில் இரண்டாவது அலை. மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிக்குச் சொல்ல, பிட்யூட்டரி அட்ரினலுக்குச் சொல்ல, கார்ட்டிசால் என்ற ஹார்மோன் சுரக்கிறது. சண்டை நீண்டால் தாக்குப்பிடிக்க வேண்டுமே, அதற்காக! எரிபொருளைத் தொடர்ந்து கொடுப்பது இதன் வேலை. ஹான்ஸ் செல்யே என்ற விஞ்ஞானி 1936-ல் எலிகளை வைத்துச் சோதித்துப் பார்த்தார். குளிர், காயம், ஓயாத ஓட்டம் என்று எந்தத் தொல்லை கொடுத்தாலும் எலிகளின் உடம்பில் ஒரே மாதிரி மாற்றங்கள்தான்: அட்ரினல் வீங்குகிறது, எதிர்ப்புச் சக்தி தரும் உறுப்புகள் சுருங்குகின்றன, இரைப்பையில் புண் வருகிறது. 'ஸ்ட்ரெஸ்' என்ற வார்த்தை மருத்துவத்தில் நிலைபெற்றது அவரால்தான்.

காட்டெருமை பத்து நிமிஷத்தில் புதருக்குள் போய்விடும். நீங்களும் வீட்டுக்குப் போய், "இன்னிக்கு ஒரு பெரிய கண்டம் தப்பிச்சேன்" என்று சொல்லி வெந்நீர் குடித்தால் எல்லாம் அடங்கிவிடும். ஆனால் வட்டிக் கடன் புதருக்குள் போகுமா? பெண்ணின் கல்யாணக் கவலை, பிளஸ் டூ பையனின் மார்க், படுக்கையில் கிடக்கிற மாமியார், எரிந்து விழுகிற மேலதிகாரி... இவையெல்லாம் தினமும் தெருத் திருப்பத்தில் நிற்கிற காட்டெருமைகள். உடம்புக்கு வித்தியாசம் தெரியாது. அது ஒவ்வொரு தடவையும் ஓடத் தயாராகிறது. நீங்களோ நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள்!

ரத்தத்தில் இறங்கிய சர்க்கரையைத் தசைகள் செலவழிக்கவில்லை. விளைவு, நீரிழிவு உள்ளவருக்கு சாப்பாட்டில் ஒன்றும் மாறாமலேயே ஷுகர் ஏறி நிற்கிறது. இதயம் வேலை நேரம் முழுக்க உயர் அழுத்தத்தில் ஓடுகிறது. கழுத்தும் தோளும் இறுகி, பின்மண்டையில் ஆரம்பிக்கிற தலைவலி. சிலருக்கு சாப்பிட்டதும் பாத்ரூம் போகவேண்டும், சிலருக்கு மூன்று நாளானாலும் போகாது. பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப் போகிறது. தலைமுடி கொத்தாகக் கொட்டுகிறது என்று ஷாம்பூவை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு முன்னால் வீட்டில் ஒரு சாவு, ஒரு பெரிய காய்ச்சல், ஒரு ஆபரேஷன் நடந்ததா என்று கேட்டால் "ஆமாம்" என்பார்கள். முடி தாமதமாகத்தான் கணக்குத் தீர்க்கும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அமெரிக்காவில் 1995-ல் ஒரு ஆய்வு வெளியானது. மறதி நோய் வந்த உறவினரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிற பெண்கள் 13 பேர், அந்தச் சுமை இல்லாத அதே வயதுப் பெண்கள் 13 பேர். எல்லாருடைய கையிலும் ஒரே அளவில் சின்னக் காயம் செய்து, ஆறுவதற்கு எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். சுமை இல்லாதவர்களுக்குச் சராசரியாக 39 நாள். நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு 48 நாளுக்கு மேல்! மனச்சுமை தோலில் உள்ள ஒரு புண்ணைக்கூட ஆறவிடுவதில்லை. வீட்டில் வயதானவரைப் பார்த்துக்கொள்கிற மருமகளுக்கு "உனக்கென்ன, வீட்லதானே இருக்கே" என்று சொல்கிற ஆண்கள் இதைத் தயவுசெய்து இரண்டு தடவை படிக்கவும்.

அடக்காதே என்றார்கள் சித்தர்கள்

சித்த மருத்துவத்தில் உடம்பை இயக்குவது வளி, அழல், ஐயம் என்ற மூன்று. வாதம், பித்தம், கபம் என்று சொன்னால் உங்களுக்குச் சட்டென்று புரியும். இதில் வளிதான் இயக்கம். மூச்சு, நடை, பேச்சு, மலம் கழிவது, எண்ணம் ஓடுவது எல்லாம் அதன் வேலை. கவலை முதலில் குலைப்பது வளியைத்தான். வளி தடம் மாறினால் அழலைக் கிளப்பும். எரிச்சல், கோபம், வயிற்றெரிவு, தூக்கமின்மை என்று வரிசையாக வரும். ஹார்மோன் என்ற சொல் இல்லாத காலத்தில் உடம்பைக் கவனித்தே எழுதி வைத்தார்கள்.

அதைவிட எனக்குப் பிரமிப்பாக இருப்பது பதினான்கு வேகங்கள் என்ற பாடம். உடம்பில் இயற்கையாக எழுகிற, அடக்கக்கூடாத பதினான்கு உந்துதல்கள்: கீழ்க்காற்று, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், விந்து, மூச்சு. ஒவ்வொன்றையும் அடக்கினால் என்னென்ன நோய் வரும் என்று தனித்தனியே சொல்லியிருக்கிறார்கள். கண்ணீரையும் இந்தக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள் பாருங்கள்!

இப்போது உங்கள் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் கழிப்பறை சரியில்லை என்று காலையில் இருந்து தண்ணீரே குடிக்காமல், சாயங்காலம் நாலரை வரை சிறுநீரை அடக்குகிற டீச்சர். காலையில் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்று மலத்தை அடக்குகிறவர். கஸ்டமர் நிற்கிறார் என்று பசியை மூன்று மணி வரை தள்ளுகிற கடைக்காரர். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் மண்டி வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். லாரி வருகிற நேரம்தான் அவர்களுக்குப் பொழுது. தூக்கம் வரும்போது விழித்திருந்து, தூங்கக் கிடைத்த நேரத்தில் தூக்கம் வராமல் புரள்கிறவர்கள் அங்கே நிறையப் பேர்.

இவர்கள் யாரும் தங்களுக்கு டென்ஷன் இருப்பதாகவே நினைப்பதில்லை. "எனக்கென்னங்க கவலை, வியாபாரம் நல்லாத்தான் போகுது. இந்த வயிறுதான் ஒத்துக்க மாட்டேங்குது" என்பார்கள். மனசுக்குத் தெரியாமலேயே உடம்பு டென்ஷனில் இருக்கிறது.

கண்ணீர் விஷயம் வேறு. ஒரு அம்மாள் ஓயாத தலைவலி, நெஞ்சடைப்பு என்று வந்தார். எல்லா டெஸ்ட்டும் சுத்தம். நாடியில் கை வைத்துக்கொண்டே, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். வீட்டுக்காரர் தவறி எட்டு மாதம் ஆகிறது என்றார். "அழுதீங்களாம்மா?" என்றேன். "எங்கய்யா அழ? ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க. நான் அழுதா அதுங்க உடைஞ்சு போயிரும்ல?" அவ்வளவு சொல்வதற்குள் குரல் கம்மிவிட்டது. அரை மணி நேரம் அழுதார். அன்று அவருக்கு நான் கொடுத்த சூரணத்தைவிட அந்த அரை மணி நேரம்தான் வேலை செய்தது. மருந்தும் கொடுத்தேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகளோடு உட்கார்ந்து அவர்கள் அப்பாவைப் பற்றிப் பேசுங்கள் என்று சொல்லி அனுப்பியதுதான் முக்கியமான சிகிச்சை.

மூச்சு கையில் இருக்கிறது

இதயத் துடிப்பை நீங்கள் நினைத்த மாத்திரத்தில் குறைக்க முடியாது. குடலுக்கு உத்தரவு போட முடியாது. தானாக ஓடுகிற வேலைகளில் நம் இஷ்டத்துக்கும் கட்டுப்படுகிற ஒன்று மூச்சு. அதனால்தான் திருமூலரில் இருந்து எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்!

உள்ளே இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகவும், வெளியே விடும்போது சற்று மெதுவாகவும் துடிக்கும். வெளிமூச்சின்போது வேகஸ் என்ற நரம்பு இதயத்துக்குக் கடிவாளம் போடுகிறது. ஆகவே வெளிமூச்சை நீட்டினால் கடிவாளம் நீடிக்கும். நிமிர்ந்து உட்காருங்கள். மூக்கு வழியாக நாலு எண்ணும் வரை இழுங்கள். ஏழு அல்லது எட்டு எண்ணும் வரை மெல்ல விடுங்கள். ஐந்து நிமிஷம். காலையில் ஒரு தடவை, படுக்கும் முன் ஒரு தடவை. ஆபீஸில் யாராவது கத்திவிட்டுப் போனால் அப்போது ஒரு தடவை. யாருக்கும் தெரியப்போவதில்லை.

பழைய நூல்களில் பதினாறு மாத்திரை இழுத்து, அறுபத்து நாலு மாத்திரை நிறுத்தி, முப்பத்திரண்டு மாத்திரையில் விடும் கணக்கு உண்டு. புத்தகத்தைப் பார்த்து அதைச் செய்ய ஆரம்பிக்காதீர்கள். மூச்சை அடைத்து நிறுத்துவது குருவின் பக்கத்தில் இருந்து படிப்படியாகப் பழகவேண்டியது. பி.பி., இதய நோய், குடலிறக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை நிறுத்தவே வேண்டாம். இழுப்பதும் விடுவதும் போதும்.

நடந்தால் கரையும்

உடம்பு ஓடத் தயாராகி உட்கார்ந்திருப்பதுதான் கோளாறு என்றோம். அப்படியானால் பரிகாரம்? எழுந்து நடப்பதுதான்! ரத்தத்தில் ஏறிய சர்க்கரையை எரிக்க அதைவிடச் சுலபமான வழி கிடையாது.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறார்களே, அதைக் கொஞ்சம் வைத்தியக் கண்ணோடு பாருங்கள். நகரத்தார் காவடி எடுத்து காரைக்குடிப் பக்கத்தில் இருந்து நடந்து வருவது தலைமுறை தலைமுறையாக வருகிற வழக்கம். உப்பு வியாபாரத்துக்குப் பழனி வந்த முன்னோர் ஒருவர் காலத்தில் தொடங்கியது என்று அவர்கள் சொல்வார்கள். நாள் முழுக்க நடை. சேர்ந்து பாடுகிறார்கள், பாடும்போது வெளிமூச்சு தானாக நீள்கிறது. நேரத்துக்கு எளிய சாப்பாடு. அடித்துப் போட்ட மாதிரி தூக்கம். பக்கத்தில் நடப்பவர் யாராக இருந்தாலும் மனம்விட்டுப் பேச்சு. விரதம் என்ற பெயரில் ஒரு கட்டுப்பாடு. கவலையை யார் காலடியிலாவது இறக்கி வைக்கலாம் என்ற நம்பிக்கை. இத்தனையையும் ஒரே சீட்டில் எழுதிக் கொடுக்க எந்த டாக்டராலும் முடியாது. முடிந்ததும் கையில் மலைவாழைப்பழமும் தேனும் நெய்யும் சேர்ந்த பஞ்சாமிர்தம் வேறு! (நீரிழிவுக்காரர்கள் விரல் நுனியில் தொட்டுக்கொள்ளவும். டப்பாவைக் காலி செய்யவேண்டாம்.)

வருஷம் முழுக்க நாற்காலியில் இருந்துவிட்டு திடீரென்று நூறு கிலோமீட்டர் நடக்க இறங்குவது மட்டும் ஆபத்து. ஒரு மாதம் முன்னாலேயே தினம் அரை மணி, முக்கால் மணி நடந்து பழகவேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் ஒவ்வொரு ராத்திரியும் உள்ளங்காலைத் தடவிப் பார்க்கவேண்டும். கொப்புளம் தெரியாமலே புண்ணாகிவிடும். வேண்டுதல் இருந்தாலும் வெறுங்காலில் நடக்காதீர்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பாதயாத்திரை போக முடியாதவர்கள் தினம் அரை மணி நடங்கள். செல்போனை வீட்டில் வைத்துவிட்டு.

எண்ணெயும், காபியும், பிறவும்

வாரம் இரண்டு எண்ணெய்க் குளியல் என்பது நம் பாட்டிமார் விதி. சனிக்கிழமை ஆண்களுக்கு, செவ்வாய் வெள்ளி பெண்களுக்கு என்று கிழமைகூட வைத்திருந்தார்கள். இப்போது தீபாவளிக்கு மட்டும் என்றாகிவிட்டது. நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கி, உச்சந்தலை, காது ஓரம், கழுத்து, முதுகு, உள்ளங்கால் என்று கால் மணி நேரம் அழுத்தித் தேய்க்கவேண்டும். பின் அரப்போ சீயக்காயோ போட்டு வெந்நீரில் குளியல். இறுகிப்போன தோள் தசைகள் இளகுவதை நீங்களே உணர்வீர்கள். அன்று பகல் தூக்கம் கூடாது, குளிர்ந்த பதார்த்தம் கூடாது. சைனஸ் தொல்லை, சளி, காய்ச்சல் உள்ளபோது வேண்டாம். மலையில் குளிர் மாதங்களில் வெயில் ஏறியபின் குளிப்பது நல்லது. வீட்டில் ஒருவருக்கொருவர் தேய்த்துவிடுங்கள். அந்தக் கை படுவதும் ஒரு மருந்துதான்.

காபி விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பு. எங்கள் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் விளைகிற காபிக்கு ஈடு கிடையாது என்று பெருமையாகச் சொல்வேன். ஆனால் காபியில் உள்ள காஃபின் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். சாயங்காலம் ஐந்து மணிக்குக் குடித்ததில் பாதி ராத்திரி பத்து மணிக்கும் உங்கள் ரத்தத்தில் உட்கார்ந்திருக்கிறது. அப்புறம் தூக்கம் எங்கிருந்து வரும்? மத்தியானத்துக்கு மேல் காபிக்குப் பதில் சீரகத் தண்ணீரோ, சுக்கு மல்லிக் கஷாயமோ வைத்துக்கொள்ளுங்கள்.

தூக்கத்துக்கு மாத்திரை போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பக்கத்து வீட்டுக்காரர் போடுகிறார் என்று மெடிக்கலில் வாங்கிப் போடுவது கொடிய பழக்கத்தில் கொண்டுபோய் விடும். ஏற்கெனவே பல மாதமாகப் போடுகிறவர்கள் திடீரென்று நிறுத்துவது அதைவிட ஆபத்து. எழுதிக் கொடுத்த டாக்டரிடமே கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள்.

அமுக்கரா இல்லாமல் சித்த வைத்தியர் டென்ஷனைப் பற்றி எழுதினால் நம்பமாட்டீர்கள்! அசுவகந்தா என்று இப்போது உலகம் முழுக்கப் பாட்டிலில் விற்கிறார்களே, அதேதான். பாலில் வேகவைத்துச் சுத்தி செய்து சூரணமாக்கிக் கொடுப்பது எங்கள் முறை. தளர்ந்த உடம்புக்கும், தூக்கம் கெட்டவர்களுக்கும் நல்ல மருந்து. ஆனால் கர்ப்பிணிகளுக்குக் கூடாது. தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களுக்கு ஆகாது. தூக்க மாத்திரை, பி.பி., ஷுகர் மாத்திரை போடுகிறவர்கள் கேட்காமல் சேர்க்கக்கூடாது. அபூர்வமாகச் சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருக்கிறது. மஞ்சள் காமாலை வந்தவர்கள் தொடவேண்டாம். மூலிகை என்றால் பக்கவிளைவே இல்லை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். வல்லாரையும் பிரமியும்கூட ஆளைப் பார்த்து, நாடியைப் பார்த்துக் கொடுக்கவேண்டியவைதான்.

பழனி பெயரைச் சொல்லி ஊர் ஊராக லாட்ஜில் ரூம் போட்டு, நரம்புத் தளர்ச்சிக்கு லேகியம் என்று விற்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு ரத்தக் கொதிப்பே வருகிறது. போகர் வாழ்ந்த மலை என்று நாம் கும்பிடுகிற பெயரை இப்படியா விற்பது? நவபாஷாண மணி என்று ஒன்றைக் கொடுத்துத் தண்ணீரில் ஊறவைத்துக் குடிக்கச் சொல்கிறவர்களும் உண்டு. பாஷாணம் என்றாலே நஞ்சு! பட்டம் என்ன, பதிவு எண் என்ன என்று கேளுங்கள். அரசு ஆஸ்பத்திரிகளிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்தப் பிரிவு இருக்கிறது. சென்னைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்குகிறது. பெட்டியோடு வருகிறவரிடம் போகவேண்டிய அவசியமே இல்லை.

அப்படியானால் கொடைக்கானலுக்குப் போகக்கூடாதா?

தாராளமாகப் போங்கள். போகிற விதத்தில் போங்கள்.

ஏப்ரல், மே சீசனில் எல்லாரும் போகும்போதே நீங்களும் போகவேண்டும் என்று சட்டமில்லை. வண்டிகளின் நெரிசல் தாங்காமல் 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் முறையே கொண்டுவரும்படி ஆகிவிட்டது. உயர்நீதிமன்றம் தலையிட்டுச் செய்த ஏற்பாடு அது. பரீட்சை முடிந்த பிள்ளைகள் இல்லாத வீடு என்றால் வேறு மாதத்தில், வார நாளில் போங்கள்.

கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம் அது. அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற பிராணவாயு கீழே கிடைப்பதில் முக்கால் பங்கைவிடச் சற்றுத்தான் கூடுதல். அதனால் முதல் நாள் நாடி வேகமாக ஓடும், மாடி ஏறினால் மூச்சு வாங்கும், தூக்கம் துண்டு துண்டாக வரும். குளிரும் ரத்தக் குழாய்களைச் சுருக்கி பி.பி.யை ஏற்றும். ஆரோக்கியமானவருக்கு இது ஒன்றும் செய்யாது. பி.பி. மாத்திரையை மறந்து வைத்துவிட்டு வந்து, ராத்திரி மதுவும் குடிப்பவருக்கு? சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், நடந்தாலே நெஞ்சு வலிப்பவர்கள், கடுமையான ஆஸ்துமாக்காரர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் மலை ஏறவேண்டும்.

வாந்தி வருகிறவர்கள் முன் சீட்டில் உட்கார்ந்து தூரத்துச் சாலையைப் பார்க்கவேண்டும். மடியில் செல்போன் வைத்துப் பார்த்தால் கட்டாயம் வரும். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், இட்லி போதும். ஒரு துண்டு இஞ்சியை வாயில் அடக்கிக்கொள்ளுங்கள்.

முதல் நாள் எந்தப் பாயிண்டும் வேண்டாம். தூங்குங்கள். மறுநாள் விடியற்காலை ஏரியைச் சுற்றி ஒரு நடை, சுமார் 5 கிலோமீட்டர். பனி விலகுவதைப் பார்த்துக்கொண்டு மெதுவாக. குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் போய் சும்மா உட்காருங்கள். ராமநாதன் சீமாட்டியார் 1936-ல் கட்டிய கோயில். அங்கிருந்து தெளிவான நாளில் பழனி மலைக்கோயில் தெரியும். பூம்பாறைக்குப் போனால் அந்த அடுக்கு வயல்களைப் பார்த்துக்கொண்டே அரை நாள் இருக்கலாம். மலைப்பூண்டு கிடைக்கும், 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. வாங்கி வந்து ராத்திரி பாலில் வேகவைத்துச் சாப்பிடுங்கள். (ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறவர்கள் அளவோடு!)

பிள்ளைகளைத் தனியாக நண்பர்களோடு அனுப்புகிற பெற்றோருக்கு ஒன்று. 'ரிலாக்ஸ்' ஆகலாம் என்று போதைக் காளானைத் தேடி மலைக்குப் போகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். விற்பதும் வைத்திருப்பதும் குற்றம் என்பது ஒரு பக்கம். ஏற்கெனவே மனசு கலங்கியிருக்கிற பையனுக்கு அது பயத்தையும் பிரமையையும் கிளப்பி விட்டுவிடும். கோபப்படாமல், முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

எப்போது ஓடவேண்டும்?

டென்ஷன் என்று நாமே பெயர் வைத்துக்கொண்டு வீட்டில் உட்காரக் கூடாத சில சமயங்கள் உண்டு. நெஞ்சில் பாரம் வைத்த மாதிரி வலி, அது இடது கை, தாடை, முதுகு என்று பரவுகிறது, வியர்க்கிறது என்றால் கேஸ் என்று சோடா குடிக்காதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். காரணமில்லாமல் எடை குறைகிறது, கை நடுங்குகிறது, படபடக்கிறது என்றால் தைராய்டைப் பார்க்கவேண்டும். மலத்தில் ரத்தம், கறுப்பு மலம் என்றால் அல்சர் என்று ஜெலூசில் குடித்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போகவேண்டும். பெண்களுக்கு மாரடைப்பு வரும்போது நெஞ்சு வலியோடு மூச்சு வாங்கல், குமட்டல், சொல்ல முடியாத களைப்பும் சேர்ந்து வரலாம். சிலருக்கு நெஞ்சு வலியே பெரிதாகத் தெரியாது. "அம்மாவுக்கு எப்பவும் இப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். சித்த மருந்து சாப்பிட வருகிறோம் என்று ஷுகர், பி.பி. மாத்திரைகளைத் தானாக நிறுத்திவிட்டு வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள் என்ற சீட்டோடு வாருங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்ந்து என்ன என்ற எண்ணம் வருகிறது... இது டென்ஷன் இல்லை. மனச்சோர்வு என்கிற நோய். காய்ச்சலுக்கு வைத்தியம் இருப்பதுபோல இதற்கும் இருக்கிறது. வெட்கப்பட ஒன்றுமில்லை. மனநல மருத்துவரிடம் போவதற்குத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம், ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள்.